கும்பிடுபூச்சித் தீனியில் செய்யக் கூடாதவை

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றான். உள்ளே ஒரு கும்பிடுபூச்சி. “அங்கிள், நேத்து நைட்டு கரப்பான் குடுத்தேன், நல்லா சாப்பிட்டுச்சு. இப்ப ஏன் இப்படி ஆடுது?” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஆட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

டப்பாவில் ஓட்டை போடு, தண்ணீர் தெளி என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். தீனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக் கரப்பான்

வீட்டிலேயே ஓடுகிறது, காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முருங்கைக் கிளையில் கிடைத்த முட்டைக்கூட்டிலிருந்து எறும்பு போல வெளியே வந்ததை விரல் நீளத்துக்கு வளர்த்திருந்தேன். ஹைரோடுலா என்ற கும்பிடுபூச்சிப் பேரினத்துப் பெண். மாதக்கணக்கில் பழ ஈயும் சுவர்க்கோழியும் கொடுத்தவன், ஒரு மழை நாளில் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, குளியலறை ஜாலி வழியாக ஏறிய கரப்பானைப் பிடித்துப் போட்டேன். காலைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். விடிந்தபோது கூண்டின் தரையில் கிடந்தாள். கால்கள் வெட்டி இழுத்தன, வாயில் பழுப்பு நீர். மாலைக்குள் முடிந்துவிட்டது. பூச்சிமருந்து தின்ற கரப்பானாக இருந்திருக்க வேண்டும்.

“எங்க வீட்ல மருந்தே அடிக்கிறதில்ல” என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். சரி, நீங்கள் அடிக்கவில்லை. மேல்வீட்டில்? கரப்பானுக்குக் கதவு எண் தெரியுமா? அடுக்ககத்தில் எல்லாருடைய கழிவுநீரும் ஒரே குழாயில்தான் இறங்குகிறது. அதிலும் சமையலறை மூலைகளில் புள்ளி புள்ளியாக வைக்கிற ஜெல் இருக்கிறதே, அது கரப்பானை உடனே கொல்லாது. தின்றது பொந்துக்குத் திரும்பிப் போய்ச் சாக வேண்டும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் சாக வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் ‘நல்லா ஓடுச்சே’ என்பது ஒரு சான்றே இல்லை. பட்டப்பகலில் தள்ளாடி வந்து சுலபமாகக் கையில் சிக்கினால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் மாநகராட்சி கொசுப்புகை அடித்த மறுநாள் செடியோரம் பிடிக்கும் பூச்சிக்கும் இதே கதை.

வளர்த்துக் கொடுப்பதுதான் வழி. கனிந்த வாழைப்பழத்தின் தோலை எடுத்துவிட்டுப் பாட்டிலில் போட்டு பால்கனியில் வையுங்கள். பழ ஈ தானாக வரும். இரண்டு நாள் கழித்து வந்தவற்றை விரட்டிவிட்டு வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுங்கள். பத்து நாள் போல ஆனதும் பாட்டிலுக்குள் பிறந்து வருபவைதான் குட்டிகளுக்கு. அந்தப் பையனும் இப்போது இதைத்தான் செய்கிறான். வீடெல்லாம் ஈ என்று அவன் அம்மா என்னைத் திட்டுகிறார்.

வளர்ந்த பூச்சிக்குச் சுவர்க்கோழி வேண்டுமென்றால் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘கிரிக்கெட்’ என்று கேட்டுப் பாருங்கள். வாங்கிய அன்றே போடாமல், கேரட் கொடுத்து ஒரு வாரம் தனியே வைத்திருங்கள். சாகிறதென்றால் அங்கேயே சாகட்டும்.

எருக்கஞ்செடி வெட்டுக்கிளி

காலி மனைகளில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கும், சீண்டினால் பீய்ச்சும். அந்தப் பளிச்சென்ற நிறமே ‘கிட்டே வராதே’ என்று சொல்லத்தான்.

எறும்பு

வேண்டாம்.

தோல் உரிக்கும் சமயம்

தீனியைச் சீண்டாமல் தலைகீழாகத் தொங்கினால் விட்டுவிடுங்கள். பசியெடுத்த சுவர்க்கோழி கூண்டுக்குள் இருந்தால், அந்தப் பஞ்சு போன்ற புது உடம்பை அதுதான் கடித்துத் தின்னும். மாலையில் போட்டது காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

செத்த பூச்சி

அசையாததைத் திரும்பிப் பார்க்காது. இடுக்கியில் பிடித்து ஆட்டினால் சில சமயம் ஏமாறும்.

கொசு விரட்டி

தீனி இல்லைதான். ஆனாலும் கூண்டு இருக்கும் அறையில் போடாதீர்கள்.