ஹோம்கமிங், ப்ராமுக்கு பையனை நீங்களே கேக்குறது எப்படி?

அமெரிக்கால ஹைஸ்கூல் படிக்கிற நம்ம பொண்ணுங்களுக்காக எழுதுறேன், அம்மாக்களும் படிச்சா ரொம்ப சந்தோஷம். ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாள்லயே ஹோம்கமிங், குளிர்ல விண்டர் ஃபார்மல், ஏப்ரல் மே வந்தா ப்ராம், எல்லாமே ஸ்கூல் நடத்துற டான்ஸ் பார்ட்டிங்க. ஒவ்வொரு தடவையும் நடக்குறது ஒண்ணுதான், ஒருத்தன்கூட போகணும்னு ஆசை இருக்கும், அவனா கேப்பான் கேப்பான்னு காத்திருந்து கடைசில அவன் வேற யார்கூடவோ போயிடுவான், இல்ல அவனும் பயந்துகிட்டு வீட்லயே உக்காந்திருப்பான். காத்திருக்க வேணாம்டா, நீங்களே கேளுங்க.

பொண்ணு கேக்குறது இந்த ஊர்ல புதுசும் இல்ல. அல் காப்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் 1937 நவம்பர்ல லில் ஆப்னர் காமிக்ஸ்ல சேடி ஹாக்கின்ஸ்னு ஒரு பொண்ண கொண்டு வந்தார், பொண்ணுங்க கல்யாணமாகாத பசங்கள தொரத்தி ஓடணும், யார் பிடிபடுறானோ அவன் கட்டிக்கணும், அதுதான் கதை. ரெண்டே வருஷத்துல, 1939க்குள்ள, 200க்கு மேல காலேஜ்ல சேடி ஹாக்கின்ஸ் டே கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, அதுலேர்ந்துதான் பொண்ணுங்க பசங்கள கேக்குற சேடீஸ் டான்ஸ் வந்துச்சு, இன்னும் பல ஸ்கூல்ல இருக்கு. ஆனா அந்தக் கதைல சேடிய அழகில்லாதவ, யாரும் கட்டிக்க வராதவன்னுதான் காமிச்சிருப்பாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்கல. வேற வழியில்லாதவதான் போய் கேப்பாங்கற நெனப்பு இன்னும் போகல, நம்ம வீடுகள்லயும் இருக்கு. அதனால சேடீஸ் வரட்டும்னு உக்காராதீங்க, எந்த டான்ஸா இருந்தாலும் கேக்கலாம்.

கேக்குறதுக்கு முன்னாடி ரூல்ஸ பாத்துக்கோங்க, இதுல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. ப்ராம் பல ஸ்கூல்ல ஜூனியர் சீனியருக்கு, அதாவது பதினொண்ணாவது பன்னெண்டாவது கிளாஸுக்கு மட்டும்தான், சின்ன கிளாஸ் பிள்ளைங்க அவங்க கெஸ்டாத்தான் வர முடியும். பையன் வேற ஸ்கூல்னா கெஸ்ட் ஃபார்ம் வாங்கணும், அதுல அவன் ஸ்கூல் ஆஃபீஸ்லயும் கையெழுத்து கேப்பாங்க, அதுக்கு ஒரு கடைசி தேதி இருக்கும், டான்ஸ் அன்னிக்கு வாசல்ல போய் நின்னா உள்ள விட மாட்டாங்க. டிக்கெட்டும் பல ஸ்கூல்ல நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஹோம்கமிங்னா மூணு வாரம் முன்னாடி, ப்ராம்னா ஒரு மாசத்துக்கும் மேலயே கேட்டுடுங்க, டிரெஸ், சூட் வாடகை எல்லாத்துக்கும் டைம் வேணும்ல.

இப்ப முக்கியமான விஷயம், எப்படி கேக்குறது. தனியா கேளுங்க. கேஃபிடீரியால, ஃப்ரெண்ட்ஸ் ஃபோன தூக்கி வீடியோ எடுக்க, போஸ்டர் பிடிச்சுகிட்டு கேக்குற ப்ரொம்போசல் எல்லாம் அவன் வர்றேன்னு ஏற்கனவே சொல்லி முடிவான அப்புறம் ஜாலிக்கு பண்ணுங்க, நல்லாத்தான் இருக்கும். பதில் தெரியாம அப்படி பண்ணா அவனால நோ சொல்ல முடியாது, இருவது பேர் பாக்குறாங்களேன்னு சரின்னுடுவான், அந்தச் சரிய வச்சுகிட்டு ஒரு சாயங்காலம் பூரா அவன்கூட எப்படி நிக்கிறது? கேக்குறது பையனா இருந்தாலும் நான் இதையேதான் சொல்லுவேன்.

கிளாஸ் முடிஞ்சு பார்க்கிங் பக்கம் நடக்கும்போது, பேண்ட் ப்ராக்டிஸ் முடிஞ்சு சாமான எடுத்து வைக்கும்போது, இந்த மாதிரி நேரம் போதும். "ஹோம்கமிங்க்கு யார்கூடயாவது போறியா? இல்லன்னா என்கூட வர்றியா?" இவ்ளோதான், ரெண்டு வரி. சுத்தி வளைக்காதீங்க, "நீ போறியா என்ன, நானும் போலாமான்னு யோசிக்கிறேன்"னு இழுத்தா அவனுக்கு நீங்க கேட்டதே புரியாது. சும்மா ஃப்ரெண்டா கூப்பிடுறீங்களா, இல்ல டேட்டிங் மாதிரியான்னும் அப்பவே சொல்லிடுங்க, சொல்லலன்னா டான்ஸ் அன்னிக்கு ரெண்டு பேரும் வேற வேற நெனப்புல இருப்பீங்க. ஃப்ரெண்ட தூது அனுப்பாதீங்க, அடுத்த பீரியட்குள்ள கிளாஸ் பூரா தெரிஞ்சுடும். நேர்ல கேக்க பயமா இருந்தா, எப்பவும் மெசேஜ்லதான் பேசுவீங்கன்னா, மெசேஜ்லயே கேக்கலாம், தப்பே இல்ல.

நோ சொன்னா "சரி, பரவால்ல, நேராவே சொன்னதுக்கு தேங்க்ஸ்"னு சொல்லிட்டு அந்தப் பேச்ச அங்கயே விட்டுடுங்க. ஏன்னு கேக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடாதீங்க. அன்னிக்கு ராத்திரி வலிக்கும், அழுகை வந்தா அழுங்க, அது உங்க தப்பு இல்ல. யோசிச்சு சொல்றேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுடான்னு ஒரு நாள் குறிங்க, அதுக்கப்புறம் திரும்பத் திரும்ப கேக்காதீங்க. ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா போறதும் இப்ப ரொம்ப சகஜம், டேட் இல்லாததால யாரும் ஒதுக்கி வைக்கப் போறதில்ல.

பொண்ணையே கேக்கணும்னு இருக்குறவங்களுக்கும் ஒரு விஷயம். 2010ல மிசிசிப்பில ஒரு பொண்ணு தன் கேர்ள்ஃப்ரெண்ட ப்ராமுக்கு கூட்டிட்டு வர்றேன்னதும் ஸ்கூல் நிர்வாகம் ப்ராமையே நிறுத்திடுச்சு, அவ கோர்ட்டுக்குப் போனா, அவ உரிமைய மீறியிருக்காங்கன்னு ஃபெடரல் ஜட்ஜ் சொன்னார். கவர்மெண்ட் ஸ்கூல்ல யாராவது தடுத்தா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்ல எப்ப சொல்றது? அவன கேக்குறதுக்கு முன்னாடி. அவன் சரின்னு சொல்லி டிக்கெட் வாங்குன அப்புறம் அப்பா வேணாம்னா அந்தப் பையனுக்கும் கஷ்டம். அம்மா கேக்கப் போறது எல்லாம் பையன் யாரு, கார் யார் ஓட்டுறா, எத்தன மணிக்கு முடியும், முடிஞ்சதும் எங்க போவீங்க, அந்த வீட்ல பெரியவங்க இருப்பாங்களா, இதுதான். பதிலோட போய் உக்காருங்க, பாதி சண்ட அங்கயே கொறஞ்சிடும். டான்ஸுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் வீட்ல எல்லாரும் கூடி ஃபோட்டோ எடுப்பாங்க, அதுக்கு அம்மா அப்பாவையும் கூப்பிடுங்க, மத்த பேரண்ட்ஸ பாத்து பேசுனாலே அவங்களுக்கு மனசு லேசாகும். அம்மாக்களே, உங்க பொண்ணு வந்து சொல்றாளேங்கறதே பெரிய விஷயம், முதல் வார்த்தையா திட்டாதீங்க, அடுத்த தடவ சொல்லாம போயிடுவா.

காசு விஷயத்தையும் அப்பவே பேசிடுங்க. சேடீஸ்ல கேட்ட பொண்ணுதான் டிக்கெட் வாங்குறது வழக்கம், மத்த டான்ஸுக்கு ஆளுக்குப் பாதி போடுறது எனக்கு சரின்னு படுது. உங்க டிரெஸ் கலர அவனுக்கு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, டையும் உங்க கைல கட்டுற பூவும் (கோர்சாஜ்னு சொல்வாங்க) அதுக்கு மேட்ச்சா வாங்குவான். அவன் கோட்டுல குத்துற பூவ நீங்க வாங்கணும், ஒரு வாரம் முன்னாடியே பூக்கடைல சொல்லி வச்சுடுங்க, பெரிய க்ரோசரி கடைகள்லயும் செஞ்சு தருவாங்க. டெக்சாஸ்ல இருந்தா ஹோம்கமிங்க்கு இது வேற மாதிரி, பொண்ணுக்கு ரிப்பனும் மணியும் தொங்குற பெரிய செவ்வந்திப் பூ அலங்காரம், அதுக்கு மம்னு பேரு, பையனுக்கு அதே மாதிரி சின்னதா கைல மாட்டிக்கிற கார்ட்டர், அத கையால செய்ய ரெண்டு மூணு சாயங்காலம் ஆகும், கடைசி நிமிஷத்துல ரிப்பன் கிடைக்காது. அவன் கோட்டுக்கான பூவ டான்ஸ் அன்னிக்கு காலைல வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க, கோட்டோட இடது பக்கம் குத்தணும், எக்ஸ்ட்ரா ரெண்டு பின் பர்ஸ்ல இருக்கட்டும்.