பழைய ஏர் ரைபிளுக்கு விலை மதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் பரணை ஒழிக்கும்போதும் பத்தாயத்தை நகர்த்தும்போதும் இன்றைக்கும் ஏர் ரைபிள்கள், அதாவது வெடிமருந்தில்லாமல் அமுங்கிய காற்றின் விசையால் சுடும் துப்பாக்கிகள், வெளிவருகின்றன. பெரும்பாலும் அவை தாத்தா காலத்தில் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்தவை. அவற்றை விற்க நினைக்கும் குடும்பத்தாரும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் விலை கேட்டு வருகிறார்கள். எங்கள் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். பாகங்களைத் தொலைக்கக் கூடாது, மழையில் நனைய விடக் கூடாது என்பன போன்ற, யாருக்கும் சொல்லாமலே தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

விலை கேட்பதற்கு முன் மெருகேற்றுவது

பழைய உலோகம் எது கையில் கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்ற பழக்கம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. ஏர் ரைபிளுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

இரும்பின் மேல் தெரியும் நீலங்கலந்த கறுப்பு நிறம் பெயின்ட் அன்று. இரும்பின் மேற்பரப்பையே வேதிமுறையில் ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய படலம் அது. புளூயிங் என்று சொல்வோம். கை படும் இடங்களில் அது தேய்ந்து, நாளடைவில் பழுப்பேறும். தொழிற்சாலையில் ஏற்றிய அந்தப் படலத்தில் எத்தனை விழுக்காடு மிச்சமிருக்கிறது என்று கணித்துத்தான் சேகரிப்பாளர்கள் விலை பேசுகிறார்கள். புதிதாகப் புளூயிங் ஏற்ற வேண்டுமானால், முதலில் பழைய படலத்தை நீக்கி, உப்புத்தாளாலும் பஃபிங் சக்கரத்தாலும் இரும்பைத் தேய்த்தாக வேண்டும். அப்படித் தேய்க்கும்போது நிறத்தோடு முத்திரைகளின் கூர்மையும், விளிம்புகளின் நேர்த்தியும், திருகாணித் துளைகளின் வட்டமும் சேர்ந்தே போய்விடுகின்றன. போனவற்றை எந்தக் கைத்திறனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் தகப்பனார் வைத்திருந்த பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்து ரைபிளின் படங்களை அனுப்பியிருந்தார். லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பைக் கொண்டு பர்மிங்காமில் 1905 முதல் தயாரிக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. உருளை முழுதும் பழுப்பேறியிருந்தது. ஆனால் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் குவித்து நிறுத்தியது போன்ற பி.எஸ்.ஏ. முத்திரையின் ஒவ்வொரு கோடும் கத்தியால் கீறியது போலத் தெளிவாக இருந்தது. எதையும் தொட வேண்டாம், நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் போவதற்குள் அவருடைய மருமகன், "மாமா, பார்க்க வருகிறவருக்கு இப்படியா காட்டுவது?" என்று சொல்லி, ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் பஃபிங் செய்து, கறுப்பும் ஏற்றிவிட்டார். நான் பார்த்தபோது அந்த முத்திரை விரலால் தடவினால்கூடப் பிடிபடாத நிழலாக இருந்தது. கைப்பிடிக் கட்டையின் கட்டக்கோட்டு வேலையையும் உப்புத்தாள் மழுங்கடித்திருந்தது. அதன் மேல் வார்னிஷ் வழிந்து காய்ந்திருந்தது. படத்தைப் பார்த்து என் மனத்தில் குறித்திருந்த தொகையில் பாதியைக்கூட அதற்குச் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அந்தப் பட்டறைக்காரர் பழைய பொருள் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் சக்கரத்தில் வைத்தாரே என்ற எரிச்சல் எனக்கு இன்னமும் தீரவில்லை. அதன் பிறகும் இதே கதை வேறு வேறு வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கட்டையைக் கழற்றி, மரம் மூடியிருந்த இடத்து இரும்பின் நிறத்தை வெளியே தெரியும் இரும்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெய்யான பழைய ரைபிளில் உள்ளே மறைந்திருந்த பகுதியில் புளூயிங் அடர்ந்தும், கை படும் பகுதியில் வெளுத்தும் இருக்கும். எங்கும் ஒரே சீரான கறுப்பு இருந்து, எழுத்துகள் மட்டும் மழுங்கியிருந்தால், யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். திருகாணித் துளையின் ஓரம் சிறு கிண்ணம் போலக் குழிந்திருப்பதும் பஃபிங் சக்கரத்தின் அடையாளமே. மரமும் இரும்பும் சேரும் இடத்தில், தொழிற்சாலை வேலையில் மரம் மயிரிழையளவு மேலே நிற்பதே வழக்கம். இரும்பைவிட மரம் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் விளையாடியிருக்கிறது.

துரு பரவிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மெல்லிய இயந்திர எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும். செந்துரு துணியோடு வரும். பழுப்பு அப்படியே நிற்கும். அது நிற்கட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சிக்கேறும்போது உண்டாகும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

டயானா என்ற பெயரை மட்டும் பார்ப்பது

வில்லைக் கீழே போட்டுவிட்டு ஏர் ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் தேவதையின் உருவம், ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்து ஏர் ரைபிள் ஆலையான டயானாவின் சின்னம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலையின் இயந்திரங்களும் பெயரும் பிரிட்டனுக்குப் போயின. ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ நிறுவனம் டயானா என்ற பெயரிலேயே ரைபிள்கள் செய்தது. ஜெர்மானியர்கள் பிரிட்டனில் தங்கள் சரக்கை ஒரிஜினல் என்ற பெயரில் விற்க நேர்ந்தது. 1984-இல்தான் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆகவே பெயரோடு நின்றுவிடாமல், எந்த நாட்டில் செய்தது என்று பொறித்திருப்பதையும் படிக்க வேண்டும். போருக்குப் பிந்தைய ஜெர்மன் ரைபிள்கள் பலவற்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் சிறிய எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் கிடைக்கும்.

2 என்ற எண்ணை இரண்டாம் தரம் என்று நினைப்பது

பழைய பி.எஸ்.ஏ.வில் அது குழலின் விட்டம்: 1 என்றால் .177 அங்குலம், 2 என்றால் .22, 3 என்றால் .25.

உரிமத்தைக் கணக்கில் எடுக்காதது

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் உரிமம் வேண்டும். .22 ரைபிளின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். பேரம் பேசுவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

சத்தத்தை வைத்து விலை சொல்வது

தென்னந்தோப்பில் ஒரு தகரத்தைக் கட்டி, சுட்டுக் காட்டி விலையை ஏற்றும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். உள்ளே காற்றை அமுக்கும் பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் சொட்டி வைத்தால், காற்று அமுங்கும் வெப்பத்தில் அந்த எண்ணெய் பற்றிக்கொண்டு, துப்பாக்கி அதிர வெடிக்கும். அது ஸ்பிரிங்கையும் வாஷரையும் கெடுக்குமே தவிர, ரைபிளின் தரத்தைக் காட்டாது. சேகரிப்புக்கான ரைபிளில் வேகம் குறைந்திருப்பது பெரிய குறை அன்று. தோல் வாஷர் காய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இரண்டும் தேயும் பாகங்கள், மாற்றத்தக்கவை. மாற்றினால் கழற்றிய பழைய பாகங்களைக் காகிதத்தில் சுற்றி ரைபிளோடு வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் அதற்கும் காசு கொடுப்பார்.

பொருந்தாத திருப்புளி

கிழிந்த திருகாணித் தலையைப் பார்த்ததும் நான் விலையைக் குறைத்துவிடுவேன்.

உறையிலேயே வைத்திருப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறையும் கான்வாஸ் உறையும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இது இன்னும் மோசம். உறைக்கும் விலை உண்டு. அதைத் தனியாக வையுங்கள்.

கேட்கும் விலையை விலை என்று எண்ணுவது

வெளிநாட்டு விளம்பரங்களில் ஒருவர் கேட்கும் தொகையைப் பார்த்து அதை ரூபாயாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பொருள் கைமாறிய தொகையே விலை. அதுவும் அதே மாதிரி, அதே விட்டம், அதே அளவு புளூயிங் உள்ளதன் தொகையாக இருக்க வேண்டும். அங்கிருந்து இறக்குமதி செய்வது இங்கே எளிதன்று என்பதால் அந்தச் சந்தையும் நம் சந்தையும் ஒன்றாகாது. மதிப்பை எழுதிக் கொடுக்கும்போது ஒற்றைத் தொகையாக எழுதாமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதி, முத்திரை, புளூயிங், மரம், திருகாணி ஆகிய ஒவ்வொன்றின் நிலையையும் கீழே குறித்து, அவற்றின் நெருக்கமான படங்களையும் இணைத்துத் தருகிறேன்.