கிங் போட்டதா, செயலாளர் போட்டதா?

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் கையெழுத்தைச் சேகரிப்பவர்கள் கவனிக்க: கடிதம் அசலாகவே இருக்கலாம், கையெழுத்து மட்டும் அவருடையதாக இல்லாமல் போகலாம். அவர் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் பல கடிதங்களில் செயலாளர்களே அவர் பெயரை எழுதினார்கள். கடிதத்தின் இடது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரின் முதலெழுத்துகள் தட்டச்சு செய்தவரைக் காட்டுமே தவிர, கையெழுத்திட்டவரை அல்ல. 10 மடங்கு லென்ஸில் மையைப் பாருங்கள். வேகமாகப் போட்ட கோடு நுனியில் மெலியும். பார்த்து வரைந்தது ஒரே தடிமனில், நின்று நின்று ஊரும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. ஒப்பிட அதே ஆண்டுக் கையெழுத்தையே எடுங்கள். கிங் இறந்தது 1968 ஏப்ரலில்; அதற்குப் பின் அச்சான புத்தகத்தில் அவர் கையெழுத்து இருந்தால் பேச்சே வேண்டாம், போலி. அதே போராட்டத்தைச் சேர்ந்த ரோசா பார்க்ஸ் 2005 வரை வாழ்ந்தவர், கையெழுத்து நிறையவே போட்டுத் தந்தார், கிங்குடையதைவிட விலையும் குறைவு. எதையும் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், மதிப்பு அங்கேயே குறைந்துவிடும்.