சென்னையில் குழுவாக ஸ்கூபா கற்க: ஊருக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்த முறை ஊருக்குப் போகும்போது அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஸ்கூபா டைவிங் (காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது) போகலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது கிளப்பிவிட்டிருந்தால், விமானச்சீட்டு எடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு லீவு கிடைப்பது டிசம்பரில். கச்சேரி சீசன், தை பிறந்ததும் கல்யாணங்கள் என்று வரவேண்டிய காரணங்களும் அப்போதுதான் குவிகின்றன. சென்னைக் கடலுக்கு அதுதான் ஆகாத காலம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று அலையைக் கிளப்பும். கூவமும் அடையாறும் நகரத்தின் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டும். புயல் சின்னம் உருவானால் படகே இறங்காது. அப்படியே இறங்கினாலும் பக்கத்தில் இருப்பவரைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாத கலங்கல்தான்.

பிப்ரவரிக்குப் பிறகு கடல் அமர்ந்துவிடும். ஈஸ்டர் விடுமுறையில் வருபவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் நடமாட்டமும் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் கடற்காற்று ஏறுவதற்குள், அதாவது விடிந்த கையோடு, படகில் இருக்க வேண்டும்.

டிசம்பரை விட்டால் லீவே இல்லை என்பவர்கள் அந்தமானைப் பாருங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே நல்ல பருவம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் தீவுகளுக்கான அனுமதி விதிகளை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்; வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை எல்லாக் கதவையும் திறந்துவிடாது. சென்னையில் துணிமணி எடுத்துவிட்டு அப்படியே இலங்கைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் டைவிங். டிசம்பரில் போனால் தென்மேற்கே ஹிக்கடுவைதான்.

சரி, மாதம் அமைந்துவிட்டது. சென்னைக் கடலில் என்ன இருக்கிறது? மாலத்தீவுப் படங்களில் வரும் பவளத் தோட்டத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். அடித்தரை பெரும்பாலும் மணல், ஆங்காங்கே பாறைத்திட்டுகள். அந்தத் திட்டுகளில்தான் கூட்டம்: களவா, சங்கரா, பாறை, ஷீலா என்று காசிமேடு மீன்சந்தையில் விலை கேட்ட அத்தனை மீன்களும் உயிரோடு சுற்றும். பாறையில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளையும் பார்க்க நேரும். அவற்றின் பக்கமே போகாதீர்கள். டைவ் மையங்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீலாங்கரை, கோவளம் பக்கமிருந்து படகு எடுக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஒரு ஜோடி நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் மாலை மாற்றிக் கல்யாணமே செய்துகொண்டது. நம் ஆட்கள் முகூர்த்தம் பார்த்துக் கடலுக்குள் இறங்கும் அளவுக்கு இது இங்கே பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் வசதியும் தேர்வும் வேண்டுமென்றால் அதே சாலையில் 150 கிலோமீட்டரில் புதுச்சேரி. பெரிய குழு என்றால் நான் புதுச்சேரியைத்தான் சொல்வேன். டைவ் செய்யாதவர்களுக்கும் அங்கே பொழுது போகும்.

என் கணக்கில் சென்னைக் கடல் பார்ப்பதற்கு நடுத்தரம், கற்பதற்கு நல்ல இடம். பார்வைத் தெளிவு குறைந்த நீரில் துணையை விட்டுப் பிரியாமல், கருவிகளைப் பார்த்து, பதற்றப்படாமல் இருக்கப் பழகியவருக்குத் தெளிந்த கடல் சுலபமாகிவிடும்.

கார்டு வேண்டுமா, அனுபவம் போதுமா?

குழுவில் இந்தக் கேள்வியை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். 'நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை' என்று விளம்பரம் செய்வது ஒரு நாள் அறிமுக டைவ். பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப்போவார், அதிகபட்சம் 12 மீட்டர், சான்றிதழ் கிடையாது. படம் எடுத்துப் போட அது போதும். உலகில் எங்கு போனாலும் காட்டும் கார்டு வேண்டுமென்றால் 'ஓப்பன் வாட்டர்' படிப்பு. சான்றிதழ் தரும் நிறுவனங்களான பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. இரண்டில் எது என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டையும் எல்லா நாட்டிலும் ஏற்பார்கள். யார் சொல்லித்தருகிறார் என்பதுதான் முக்கியம்.

பி.ஏ.டி.ஐ. முறையில் பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று மூன்று பகுதி. கடல் டைவ்கள் நான்கையும் ஒரே நாளில் முடிக்க முடியாது; குறைந்தது இரண்டு நாள். முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 200 மீட்டருக்கு நேரக்கெடு இல்லை; மாஸ்க், துடுப்பு, ஸ்நார்க்கலோடு நீந்துவதென்றால் 300 மீட்டர். சென்னையில் வளர்ந்த பலருக்குக் கடல் என்றால் மெரினாவில் சுண்டலும் கால் நனைப்பதும்தான். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் இதை மூன்று மாதம் முன்பே சொல்லி நீச்சல் வகுப்பில் சேரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும். 10, 11 வயதுக்காரர்களுக்கு எல்லை 12 மீட்டர்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விடுமுறையைச் சென்னை வகுப்பறையில் செலவழிக்காதீர்கள். பாடப்பகுதியை இணையத்தில் வீட்டிலிருந்தே முடிக்கலாம். உங்கள் ஊரில் டைவ் கடை இருந்தால் குளப் பயிற்சியையும் அங்கேயே முடித்து, 'ரெஃபரல்' படிவம் வாங்கிக்கொண்டு வரலாம். அது 12 மாதம் செல்லும். இங்கே மிச்சம் இருப்பது கடல் மட்டும்.

மருத்துவப் படிவம்தான் நிறையப் பேரைக் கவிழ்ப்பது. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் வரும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப்பகுதியே உண்டு. சிக்கலான கேள்விக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. உங்கள் நோய் வரலாறு தெரிந்த மருத்துவரிடம் அங்கேயே வாங்கி வாருங்கள். சித்தப்பாவுக்கு 'சுகர் கொஞ்சம்தான்' என்றால் அந்தக் கொஞ்சத்தையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் காப்பீடு: சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் டைவிங் சேராது, அல்லது ஆழத்துக்கு எல்லை வைத்திருப்பார்கள்.

கூட்டம் சேர்ப்பது

வாட்ஸ்அப்பில் இருபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். முன்பணம் கேட்டதும் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அதனால் முதலில் பணம், பிறகு படகு. (தண்ணீருக்கடியில் கட்டைவிரல் உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எல்லாம் சரி என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். தலையாட்டுவது செல்லாது.) மையங்கள் முன்பணத்தை யு.பி.ஐ.யில் கேட்கும். வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் ஊரில் ஒருவரைப் பொருளாளர் ஆக்கிவிடுவது நிம்மதி.

கார்டு உள்ளவர்கள், படிப்பவர்கள், அறிமுக டைவ் மட்டும் செய்பவர்கள், கரையில் இருப்பவர்கள் என்று பட்டியலைப் பிரித்துத்தான் மையத்துக்கு அனுப்ப வேண்டும். கடல் பயிற்சியில் ஒரு பயிற்சியாளருக்கு எட்டு மாணவர்கள் வரை விதி இடம் தருகிறது. நம் கடலின் தெளிவுக்கு அது அதிகம். படிப்பவர்கள் நாலு பேருக்கு ஒருவர், அறிமுக டைவில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று கேளுங்கள். கூடுதல் காசு ஆனாலும் தகும். பயிற்சியாளரின் சான்றிதழ் எண்ணை வாங்கி, சான்றிதழ் தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, டைவ் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது என்று கேட்கும்போது பதில் பட்டென்று வர வேண்டும். மழுப்பினால் வேறு மையம். கட்டணத்தில் பாடம், கார்டு, படகு, கருவி, வரி எல்லாம் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசி டைவுக்குப் பிறகு

திட்டமே உடைவது இங்கேதான். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரமாவது, பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து நம் விமானங்கள் கிளம்புவதோ நள்ளிரவு, அதிகாலை. ஞாயிறு அதிகாலை 3 மணி விமானத்துக்குச் சனி காலை 9 மணிக்கு டைவ் முடிந்தால் சரியாக 18 மணி நேரம். படகு ஒரு மணி நேரம் தாமதித்தால் கணக்கு போச்சு. வெள்ளியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கும் இதே விதி. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. காலையில் டைவ், மாலையில் திருப்பதி என்று வண்டி பேசாதீர்கள். திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேல். தரிசனமும் மலைவாசமும் முதலில், கடல் அதற்குப் பிறகு, ஷாப்பிங்கும் விருந்தும் கடைசியில் என்று வரிசையை மாற்றினால் போதும்.

டைவ் நாள் காலையில் பொங்கல், வடை வேண்டாம். இரண்டு இட்லி போதும். படகில் குமட்டல் வருபவர்கள் எந்த மாத்திரை, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருங்கள். சிலது தூக்கத்தைத் தரும். வந்து இறங்கியதும் ஏ.சி.யிலும் அலைச்சலிலும் சளி பிடிப்பது வழக்கம். மூக்கடைப்போடு இறங்கினால் காதில் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியலாம். அதனால் வந்த முதல் வாரத்தில் டைவ் வைக்காதீர்கள். மீசைக்காரர்களுக்கு மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் சரியாகிவிடும். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை வெளிநாட்டிலிருந்தே எடுத்து வரலாம். வளையல், சங்கிலி எல்லாம் வீட்டில். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் வெட்சூட் எனும் டைவ் உடைக்குள் இறுக்கமாக வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.

கரையில் இருக்கும் பெரியவர்களுக்கு நிழலும் கழிப்பறையும் உள்ள மையமாகப் பாருங்கள். படகு கிளம்பினால் திரும்ப அரை நாள் ஆகும், நடுக்கடலில் போன் எடுக்காது என்பதை அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.