தேங்காயைச் சரிபாதியாக உடைத்துப் பக்குவப்படுத்தும் முறை

வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை) ஊர்வலம் வரும் வழியில் சூறைத்தேங்காய் விடுவதைப் பார்த்தவர்களுக்கு, தேங்காய் உடைப்பது பலத்தைக் காட்டும் வேலையாகத் தோன்றக்கூடும். சூறைக்காய் சிதற வேண்டும், அதனால் ஓங்கி அடிக்கிறார்கள். அடுக்களைக்கு வேண்டியவையோ இரண்டு ஒழுங்கான மூடிகள். அதற்குக் காயைச் சுழற்றிக்கொண்டே அளவாகத் தட்டத் தெரிந்தால் போதும்.

கடையில் உரித்த காயை எடுத்தவுடன் விரலால் சுண்டி ஓசை கேட்பது நம் வழக்கம். அதோடு நிறுத்தாமல், குடுமியைச் சற்று விலக்கி மூன்று கண்களையும் பார்க்க வேண்டும். அங்கே ஈரக்கசிவோ பூஞ்சணமோ இருந்தால் காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாங்கக் கூடாது. முற்றிய காயைக் காதருகே குலுக்கினால் தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கும். ஓசையே இல்லாத காய் கையில் கனத்தால் அது இளசாக இருக்கும். கனமும் இல்லையென்றால் தண்ணீர் வற்றியிருக்கும் அல்லது விரிசல் வழியே கசிந்து போயிருக்கும். சட்னிக்கு அதிகம் முற்றாத காய் இழைவாக அரைபடும். பால் எடுப்பதற்கு நன்றாக முற்றிய காயே ஏற்றது. கடைக்காரர் குடுமியைப் பிய்த்துத் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்களுக்குப் பாதுகாப்பு அந்தக் குடுமிதான் என்பதால், உடைக்கும் வேளையில் மட்டும் அதை எடுத்தால் போதும்.

உடைக்கும் முன் காயின் இடுப்பைச் சுற்றியுள்ள நாரைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். நார் மிச்சமிருந்தால் அடியின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். கண்கள் ஒரு முனையிலும் அடிப்பாகம் மறுமுனையிலும் இருக்கும்படி காயை இடது உள்ளங்கையில் கிடையாக வைத்து, விரல்கள் அடிபடும் கோட்டுக்கு மேலே வராமல் பார்த்துக்கொண்டு, வெட்டுக்கத்தியின் கூரில்லாத முதுகுப் பக்கத்தால் நடுவில் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் காயைச் சிறிது திருப்ப வேண்டும். சில சுற்றுகளில் ஓசை மாறி மெல்லிய விரிசல் ஓடும். உடனே ஒரு பாத்திரத்தின் மேல் பிடித்து, விரிசலைக் கத்தி நுனியால் நெம்பித் தண்ணீரை வடிக்கலாம். தண்ணீரைத் தனியாக எடுக்க விரும்புவோர், மூன்று கண்களில் மென்மையாக இருக்கும் ஒன்றைக் கம்பியால் குத்தி முதலிலேயே வடித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் புளித்தோ சோப்பு வாடை அடித்தோ இருந்தால், அல்லது பருப்பு நிறம் மாறிக் கொழகொழத்திருந்தால், கெட்ட பகுதியை மட்டும் செதுக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்த நினைக்காமல் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சாமிக்கு உடைத்த காய் அழுகலாக இருந்தால் சகுனம் என்று கலங்குவோர் உண்டு. ஓட்டிலோ கண்ணிலோ விழுந்த சிறு விரிசலும் காய் அழுகப் போதுமானது.

துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாமல் நிறுத்தினால் சட்னி வெண்மையாக இருக்கும். பத்தையாக வேண்டுமானால், மூடியின் ஓட்டுப் பக்கத்தை அடுப்புத் தீயில் சிறிது நேரம் காட்டி ஆறவிட்டால் பருப்பு ஓட்டை விட்டு விலகும். பிறகு மழுங்கிய கத்தியால் நெம்பி எடுப்பது எளிது.

பால் எடுக்க, ஒரு மூடித் துருவலோடு அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து அரைத்துத் துணியில் பிழிந்தால் கெட்டியான முதல் பால் கிடைக்கும். சக்கையில் மேலும் தண்ணீர் விட்டு எடுக்கும் இரண்டாம் பாலில் காய்கறியை வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதால் அவ்வப்போது தேவையான அளவு மட்டும் அரைப்பதே சரி. உடைத்த மூடிகளில் கண்ணுள்ள மூடி முதலில் கெடும். அதை அன்றே செலவழித்துவிட்டு, மற்றதைத் துடைத்து மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பல நாட்களுக்கு வேண்டுமென்றால், துருவலை ஒரு வேளைக்கான சிறு பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீஸரில் வைத்து, அரைப்பதற்கு அரை மணி நேரம் முன்பாக வெளியே எடுத்தால் போதும்.