முதலில் பட்டா, அப்புறம் பெயின்ட்: கலைத் தெரு அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் ஒரு தெருவைக் கலைக்கென்று ஒதுக்கலாம் என்று பேச்சு எழுந்தால், எந்தச் சுவரில் என்ன வரையலாம் என்ற கேள்விதான் முதலில் வரும். இடம் யார் பேரில் இருக்கிறது, வாடகை எவ்வளவு, நாளைக்கு அது ஏறினால் என்ன செய்வது என்று கேட்கிற ஆளை அந்தக் கூட்டத்தில் பார்ப்பது அபூர்வம். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் தொடங்கியது அது. ஓவியத்தை மட்டும் விற்று அடுப்பு எரிக்க முடியாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடலோரமாக நிலம் வாங்கி, அதிலேயே வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டார்கள். அப்போது அது நகரத்துக்கு வெளியே ஒதுக்குப்புறமான மணல்வெளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்றைக்கு மனை என்ன விலை விற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருந்திருந்தால் அந்த ஓவியர்கள் எப்போதோ மூட்டையைக் கட்டியிருப்பார்கள்.

நியூயார்க்கின் சோஹோவில் நடந்தது இதற்கு நேர் எதிர். தொழிற்சாலைகள் காலி செய்த பெரிய மாடிகளில், 1960களில் ஓவியர்கள் சட்டத்தை மீறிக் குடியேறினார்கள். 1971இல் நகர நிர்வாகம் அவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டே வேலை செய்ய அனுமதித்தது. அப்படி மாடிகளில் குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு தரும் மாநிலச் சட்டம் 1982இல்தான் வந்தது. அதற்குள் அந்தப் பேட்டைக்கு நல்ல பெயர் வந்துவிட்டது, பெயருக்குப் பின்னால் விலையும் வந்துவிட்டது. இன்றைக்கு அங்கே போனால் கண்ணில் படுவது உயர்விலைத் துணிக்கடைகளும் காலணிக் கடைகளும்தான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. மகாமாரியம்மன் கோயிலும் நம்மவர் கடைகளும் உள்ள ஊர். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளுக்கு அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000 தொடக்கத்தில் அந்தச் சட்டம் போனது. வாடகை எகிறியது, குறைந்த வாடகையில் காலம் தள்ளிய குடும்பங்களும் சின்னத் தொழில்காரர்களும் வெளியேறத் தொடங்கினார்கள். எட்டு வருடம் கழித்து, 2008இல், யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்களுக்கு மட்டுமல்லாமல், பல சமூகங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைக்கும் கிடைத்த அங்கீகாரம் அது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். 2012இல் எர்னெஸ்ட் சக்கரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அருமையான ஓவியம். அதன் முன்னால் படமெடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஓவியத்தின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. குடியிருப்பவரைக் காப்பாற்றும் வேலையை அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து இடத்தை வாங்கலாம். முடியாவிட்டால், சும்மா கிடக்கும் அரசுக் கட்டடத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கலாம். தனியார் இடம் என்றால், வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும் என்பதை முதல் நாளே பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். டெல்லி லோதி காலனியின் சுவரோவியங்கள் அரசு ஊழியர் குடியிருப்புகளின் மீது இருப்பவை. அரசு வீடு என்பதால் ஓவியம் வந்து வாடகை ஏறியது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அடுத்த தவறு, சுவர் சோறு போடும் என்று நம்புவது. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 2000 முதல் குடியமர்த்திய இடம் சென்னை கண்ணகி நகர். 2020 வாக்கில் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. ஊர் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று வருந்திய மக்களுக்கு, அதே ஊரைப் பார்க்க ஆள் வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் வந்தவர் படமெடுத்துவிட்டு அப்படியே திரும்பினால் தெருவுக்கு என்ன மிச்சம்? அவர் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம், போக ஒரு கழிப்பறை, அங்கே இருப்பவர்கள் செய்த பொருளை வாங்க ஒரு கடை, எல்லாம் ஓவியத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டியவை.

பணம் எப்படித் தெருவுக்குள் இறங்கும் என்பதற்கு மார்கழி சீசனைவிட நல்ல பாடம் கிடையாது. மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே இல்லை. கேண்டீனில் கூட்டம் நெரியும் (சிலர் கச்சேரிக்கு வருவதே அதற்காகத்தான்). பூக்காரம்மா, ஆட்டோக்காரர், புடவைக் கடைக்காரர், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றிக் கொடுப்பவர் என்று பலர் கைக்குக் காசு போகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணுவதோடு நிறுத்தாமல், இந்தக் கைகளையும் எண்ண வேண்டும். சீசன் முடிந்ததும் பிப்ரவரியில் இவர்களுக்கு என்ன வேலை என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

எது கலை என்று மேலேயிருந்து முடிவுசெய்வது இன்னொரு தவறு. 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலானோர் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கியபோது, கச்சேரியும் பரதநாட்டியமும் பறையாட்டமும் மீனவர் தெருவிலேயே நடந்தன. பக்கத்திலேயே இருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியாக, அழகுபடுத்துகிறேன் என்று தொழிலையே துரத்திவிடக் கூடாது. மாமல்லபுரத்தில் சிற்பத் தொழில் என்றால் உளிச் சத்தம், அதோடு இப்போது கட்டிங் மெஷின் இரைச்சலும் கல்தூசியும். தூசியைப் பிடிக்க ஏற்பாடும் பட்டறைக்காரருக்கு முகக்கவசமும் அவசியம் வேண்டும். ஆனால் பட்டறையை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு விற்பனைக் கடையை மட்டும் வைத்துக்கொண்டால் அது வெறும் கடைத்தெரு. இப்படி ஒரு தெரு பிரபலமானால், சத்தம் தாங்கவில்லை என்று புதிதாக வந்த விடுதிக்காரர் ஒருநாள் புகார் கொடுக்கத்தான் செய்வார். அப்படிப் புகார் வந்தால் இடத்தை விட்டுப் போகக் கூடாதவர் யார், எத்தனை மணி வரை உளி அடிக்கலாம் என்பதை விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.