காது அடைப்பா? வீட்டில் குறும்பியை இளக்கும் முறை, தொடக்கநிலையினருக்கு

காது கும்மென்று அடைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும். பட்ஸ், கொண்டை ஊசி, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இப்போது போன் திரையில் படம் காட்டும் கேமரா கரண்டி. இவற்றில் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. வீட்டில் பயமில்லாமல் செய்யக்கூடியது குறும்பியை, அதாவது காது அழுக்கை, இளக்குவது மட்டும்தான். இளகியது பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். வராவிட்டால் டாக்டர் எடுப்பார். நடுவில் நாம் தோண்டுவதற்கு இடமே இல்லை.

படி 1: எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

பெரியவர்களின் காதுக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். அதன் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே குறும்பி சுரக்கிறது. தண்ணீர் உள்ளே ஊறாமலும் கிருமி வளராமலும் தடுப்பது அதன் வேலை. குழாயின் தோல் செவிப்பறைப் பக்கத்திலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், பழைய குறும்பியும் அதோடு வெளியே வந்துவிடும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்குத் துணை. ஆக, செவிப்பறையை ஒட்டிக் கட்டியாகக் குறும்பி இருக்கிறது என்றால், பெரும்பாலும் பட்ஸால் யாரோ உள்ளே தள்ளி வைத்ததுதான்.

நன்றாகக் கேட்கிறது, வலியும் அடைப்பும் இல்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். குளித்ததும் துண்டு நுனியால் காது மடலைத் துடைத்தால் போதும். அடைப்பு, மந்தமாகக் கேட்பது, இரைச்சல், அரிப்பு ஆகியவை இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். சிலருக்கு வறட்டு இருமல்கூட வரும். மூளையிலிருந்து தொண்டை, நெஞ்சு வழியாகப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்க்கும் வருகிறது, அது தூண்டப்படுவதுதான் காரணம்.

படி 2: உங்கள் காது இதற்கு ஏற்றதா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் அறுவை சிகிச்சையோ டியூப் வைத்ததோ உள்ளவர்கள், இப்போது வலியோ சீழோ ரத்தமோ வருபவர்கள் எந்தச் சொட்டையும் தாமாக விடக்கூடாது. "சின்ன வயதில் சீழ் வடிந்தது, அப்புறம் தானாக நின்றுவிட்டது" என்பவர்களும் இதில் சேர்த்தி. சீழ் நின்றாலும் ஓட்டை மூடாமல் இருக்கலாம். சொட்டு விட்டதும் தொண்டையில் அதன் ருசி தெரிந்தால் ஓட்டை இருக்கக்கூடும், உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு காதில் மட்டுமே கேட்கும் திறன் உள்ளவர்கள் அந்தக் காதில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டாம். குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் விட வேண்டாம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. அழுக்குதான் என்று நினைத்து ஒரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்கள். அது நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால் பாதையில்தான் அடைப்பு, குறும்பியாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். சோதனை எப்படி வந்தாலும், கேட்பது திடீரென்று குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

படி 3: எந்தச் சொட்டு?

ஆலிவ் எண்ணெய், சலைன் (உப்பு நீர்), சோடியம் பைகார்பனேட் சொட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குறும்பி கரைக்கும் மருந்து எனப் பல உண்டு. எது உசத்தி? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. அதனால் விலை கூடிய பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. பென்சோகைன், டர்பென்டைன் எண்ணெய் கலந்த கடை மருந்துகள் புண்பட்ட தோலில் எரியும். தொடங்குபவர்களுக்கு நான் ஆலிவ் எண்ணெயைத்தான் சொல்வேன். பாதாம் எண்ணெயும் விடலாம், பாதாம் ஒவ்வாதவர்களைத் தவிர.

கரண்டியில் காய்ச்சிய நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். சூடு சரியாகத் தெரியாமல் காது வெந்தவர்கள் உண்டு, பூண்டுத் துணுக்கு உள்ளே தங்கினால் அது தனித் தலைவலி. எண்ணெய்க் குளியலன்று வழக்கமாகக் காதில் எண்ணெய் நிரப்புவதையும் விட்டுவிடலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதில் பூஞ்சை பிடிப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

படி 4: சொட்டு விடுதல்

எண்ணெய்ப் பாட்டிலை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்திப் பிடியுங்கள், உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். குளிர்ந்த சொட்டு விழுந்தால் உட்காதின் திரவம் அசைந்து தலை கிறுகிறுக்கும். தலையணையில் பழைய துண்டை விரித்து, அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்தால் குழாய் நேராகும். ஃபில்லரின் நுனியை உள்ளே நுழைக்காமல், இரண்டு மூன்று சொட்டு குழாயின் சுவரை ஒட்டி வழியும்படி விடுங்கள். நடுவில் கொட்டினால் காற்று சிக்கிக்கொண்டு எண்ணெய் வாசலிலேயே நின்றுவிடும். காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்தி நிற்கும் சின்ன மடலை விரலால் சிலமுறை அமுக்கி விடுங்கள், எண்ணெய் உள்ளே இறங்குவதை உணர்வீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருந்து, பிறகு எழுந்து தலையைச் சாய்த்து வழிவதைத் துடையுங்கள். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், அது எண்ணெயை உறிஞ்சிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாள். முதல் இரண்டு நாளில் அடைப்பு கூடினதுபோல் இருக்கும். குறும்பி ஊறி உப்புவதால்தான் இது, பயப்பட வேண்டாம். பெரும்பாலான ஆட்கள் இந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து பட்ஸை எடுக்கிறார்கள். பெரிய கட்டி விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். தலையணைத் துண்டில் பழுப்புத் துணுக்குகள் தெரியும், அவ்வளவுதான். முழுக்க வர இரண்டு வாரம்கூட ஆகலாம்.

படி 5: தண்ணீர் (விரும்பினால் மட்டும்)

எனக்கு இந்தப் படியில் பெரிய ஆர்வமில்லை. ரப்பர் பல்பில் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரை எடுத்து, குழாயின் மேற்சுவரை நோக்கி மெல்லப் பீய்ச்சுவார்கள். வலித்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதைத் தொடவே கூடாது. ஈரம் தங்கி, தோல் கீறியிருந்தால், தொற்று எலும்பு வரை பரவும் அபாயம் அவர்களுக்கு உண்டு.

கேமரா கரண்டியும் காது மெழுகுவர்த்தியும்

திரையில் பார்த்துக்கொண்டே எடுப்பதால் கேமரா கரண்டி பத்திரம் என்று தோன்றும். ஆனால் திரையில் ஆழம் தெரியாது. உட்பக்க மூன்றில் இரண்டு பங்கில் எலும்பின்மேல் மெல்லிய தோல்தான் இருக்கிறது. பக்கத்தில் குழந்தை ஓடிவந்து முழங்கையில் இடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காது மெழுகுவர்த்தி என்பது காதில் ஒரு முனையைச் செருகி மறுமுனையைக் கொளுத்தும் குழல், குறும்பியை உறிஞ்சும் என்று விற்கிறார்கள். அது எதையும் உறிஞ்சுவதில்லை. எரிந்தபின் அடியில் காட்டும் பழுப்புக் கட்டி மெழுகுவர்த்தியின் மிச்சம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-இலேயே இதை எச்சரித்துவிட்டது.

படி 6: எப்போது டாக்டரிடம்?

ஐந்து நாள் சொட்டுவிட்டு, இரண்டு வாரம் பொறுத்தும் அடைப்பு விடவில்லை என்றால் போங்கள். வலி, சீழ், ரத்தம், தலைசுற்றல் வந்தால் நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே. காதுக் கருவி போடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குறும்பி அடிக்கடி சேரும். அவர்கள் அவ்வப்போது காட்டிக்கொள்வது நல்லது.

அங்கே உறிஞ்சு குழாய் அல்லது சின்ன வளையக் கருவியால், உள்ளே நேரில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். உறிஞ்சும்போது சத்தம் பலமாக இருக்கும், திடுக்கிட்டுத் தலையை அசைத்துவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொட்டு போட்டு ஊறவைத்த காதோடு போயிருந்தால் பெரும்பாலும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.